பாலுண்ணியும் மகாராணியும்

மார்ச் 2, திங்கள்

குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். என் மகள் குட்டியின் இடது முழங்கை மடிப்பில் ஐந்து பருக்கள். தோலின் நிறம்தான், ஆனால் உருண்டையாக மினுமினுக்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சின்னக் குழி. காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. "அரிக்குதாடி?" "லேசா."

வெள்ளி மாலை போய் ஞாயிறு வரை அப்பா வீட்டில் இருந்துவிட்டு வந்தவள். அங்கேதான் ஒட்டியிருக்கும், வேறெங்கே? அவருடைய புது மனைவி, நான் மகாராணி என்று சொல்கிறவள், இவளை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போகிறாளாம். "சித்தி கைய எடுத்ததே எனக்குத் தெரியலம்மா, நானா மிதந்தேன்!" திரும்பி வந்தால் இரண்டு நாளைக்குச் சித்தி புராணம்தான். ஏழு வருடம் தூக்கி வளர்த்தவளுக்கு வயிறு எரியாதா? எரிகிறது. இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேனே.

மார்ச் 3

எட்டாகிவிட்டது.

மார்ச் 4, புதன்

தையல் கடையில் என்னோடு காஜா எடுக்கிற அக்கா, "டாக்டர்கிட்ட காட்டிடு, கை வைக்காத" என்றாள். கேட்டேனா? வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குப் போக வேண்டும். சொறி பிடித்த பிள்ளையை அனுப்பி, மகாராணி உச்சுக் கொட்ட நான் கேட்டுக்கொண்டிருப்பதா? மெல்லிய ஊசி ஒன்றை நெருப்பில் காட்டிக் குத்திக் கிளறினேன். உள்ளிருந்து ரவைபோல வெள்ளையாக வந்தது. எந்தத் தையலையும் பிரித்துவிடும் கை என்ற திமிர் எனக்கு. மூன்றாவதில் குட்டி அலறிவிட்டாள். "போதும்மா, வேணாம்மா." நிறுத்தினேன்.

மார்ச் 6, வெள்ளி

குத்திய மூன்றும் சிவந்து வீங்கியிருக்கின்றன. ஒன்றில் சீழ். முழுக்கைச் சட்டை போட்டு அனுப்பிவிட்டேன். அவள் அப்பாவிடம் நான் வாயே திறக்கவில்லை. கேட்டால் குளத்துத் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான் என்ன மாதிரி அம்மா?

மார்ச் 8, ஞாயிறு

வந்துவிட்டாள். முழங்கையில் சுத்தமான கட்டு, நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருக்கிறது. பையில் ஒரு களிம்பும், குட்டிக்கென்று தனியாக ஒரு துண்டும். நேற்று மகாராணி தோல் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாள். அவள் அப்பாவும் கூட இருந்தாராம்.

டாக்டர் சொன்னதைக் குட்டி பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தாள். இதன் பெயர் பாலுண்ணி. வைரஸால் வருவது. பள்ளியில், குளத்தில், எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். சொறிந்தால் பரவும், துண்டு மாற்றினாலும் பரவும். குத்தவே கூடாது. சும்மா விட்டால் சில மாதத்தில் தானாகப் போய்விடும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். களிம்பு பாலுண்ணிக்கு இல்லை, குத்திய புண்ணுக்கு.

பிறகு கேட்டாள்: "யாரு குத்தினதுன்னு டாக்டர் கோபமா கேட்டாரும்மா. சித்தி 'நான்தான், தெரியாம செஞ்சிட்டேன்'னு சொல்லிட்டாங்க. அப்பா கார்ல வர்ற வழி பூரா சித்திய திட்டினாரு. சித்தி ஏம்மா பொய் சொன்னாங்க?"

போய்ச் சாப்பிடு என்று அனுப்பிவிட்டேன்.

பிள்ளையைக் கிள்ளியது நான், தொட்டிலை ஆட்டியது அவள். நன்றி வரவேண்டிய இடத்தில் ஆத்திரம்தான் வருகிறது. யாருடி உன்ன கேட்டா? பெருந்தன்மையிலயும் என்ன ஜெயிச்சுக் காட்டணுமா? எனக்கென்று மிச்சம் இருந்தது என் தப்பு ஒன்றுதானே, அதையும் எடுத்துக்கோ!

மார்ச் 9

என் கழுத்தில் இரண்டு. இந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் இத்தனை நாளும் ஒரே துண்டு.

மார்ச் 12

வேலை ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் வலக்கையாகவே வெட்டிவிட்டேன். குட்டிக்கு உண்மை தெரியும். அவள் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்ற ஏழு வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு திரிகிறாள். இது அடுக்குமா?

மார்ச் 13, வெள்ளி

குட்டியின் அப்பாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே அவளைக் கொண்டுபோய் விட்டேன். எப்போதும் வாசலோடு திரும்பிவிடுகிறவள், இன்று உள்ளே போனேன். இருவரும் இருந்தார்கள். உட்காரச் சொல்லும் முன்பே சொல்லிவிட்டேன்: "குத்தினது நான். அவங்க இல்ல."

அவர் முகம் எங்கெங்கோ போனது. அவளைப் பார்த்தார். "அப்புறம் நீ எதுக்கு...?"

"ஊசித் தடத்தப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சுது. டாக்டர் கேட்டப்போ குட்டி என் மடியில உக்காந்திருந்தா. அவ அம்மாவ ஒருத்தர் திட்டி அவ கேக்க வேணாம்னு தோணிச்சு. அவ்ளோதான்." என்னிடம் திரும்பி, "கழுத்துல என்னக்கா? உங்களுக்கும் வந்துடுச்சா? தொடாதீங்க" என்றாள்.

அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் பொறாமை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அவளைத் திட்ட வாய் வரவில்லை.

ஜூலை 19

குட்டியின் பாலுண்ணிகள் திடீரென்று சிவந்து தடித்துவிட்டன. பதறிப்போய் டாக்டரிடம் ஓடினேன். உடம்பு எதிர்க்க ஆரம்பித்துவிட்டது, போகப்போகிற அறிகுறி என்றார். கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொன்னார். எனக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலை அதுதான்.

நவம்பர் 3, செவ்வாய்

காலையில் வெளிச்சத்தில் குட்டியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. நான் குத்திய இடத்தில் மட்டும் மூன்று தழும்பு. மற்றபடி தோல் வழவழவென்று இருக்கிறது.

முதலில் அவள் சித்திக்குத்தான் போன் செய்தேன்.