நாலு தரம் கூப்பிட்டாங்க

அப்பா,

காலையில் முதல் ஆள் வருவதற்கு முன்னால் ஹெட்போனை நானே காதில் மாட்டிப் பார்ப்பேன். டிக், டிக். அரை நொடி இடைவெளியில் இரண்டு சத்தம். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் இதுதான் என் வேலை. தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டி, சத்தம் கேட்கும்போது மூளையில் எழும் அலையைப் பதிவு செய்கிறேன். இன்று அந்த இரண்டாவது டிக்கில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

பெரும்பாலானவர்களுக்கு முதல் சத்தத்துக்கு அலை உயரமாக எழும். இரண்டாவதற்குச் சிறிதாகிவிடும், இப்போதுதானே கேட்டோம் என்று மூளை விட்டுவிடுகிறது. உங்களுக்கு இருந்த மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பலருக்கு இரண்டாவதும் ஏறக்குறைய அதே உயரம். ஆள் இல்லாமல் கேட்கும் குரலுக்கு இது முழு விளக்கம் இல்லை என்பார் இங்குள்ள டாக்டர். உங்கள் அலையை நான் பார்த்ததே இல்லை.

நீங்களும் அம்மாவும் கூலிக்குப் போன எஸ்டேட்டில் காபிச் செடிகளுக்குள் ஆளுக்கு ஆள் தெரியாது, குரல்தான். முகம் தெரியாமல் யாராவது கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், முனி இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் என்பது நம் வழக்கம். நீங்கள் அதை மீறியதே இல்லை. அன்று குரல் கேட்டபோதும் எண்ணிவிட்டுத்தான் போனீர்கள்.

"ஏனுங்க, பழம் பறிக்கறத உட்டுப்போட்டு எங்க போனீங்க?" என்றார் வேலையை மேற்பார்த்துக் கணக்கு எழுதும் ரைட்டர்.

"நீங்கதானுங்களே கூப்பிட்டீங்க. நாலு தரம்."

"ரைட்டரய்யா கொட்டாவி உட்டாலே இவருக்குக் கேக்குமுங்க" என்று பக்கத்து வரிசையில் ஒரு அக்கா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அம்மா சிரிக்கவில்லை.

மாத்திரை ஆரம்பித்த பிறகு குரல்கள் கொஞ்சம் குறைந்தன. கல்லூரி விடுமுறைக்கு நான் வந்திருந்தபோது, "சாமி, உனக்குக் கேக்குதா?" என்று என்னிடம் கேட்டீர்கள். நான் சுற்றிலும் இருந்த சத்தத்தைப் போனில் பதிவு செய்து உங்கள் காதில் வைத்தேன். "கேளுங்கப்பா, ஒண்ணுமே இல்லை. யாரும் கூப்பிடலை." நம் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள், நிரூபித்துவிட்டதாக நினைத்தேன். நீங்கள் போனைச் சட்டையில் துடைத்துத் திருப்பித் தந்தீர்கள்.

"செரி கண்ணு. நொம்பப் படிச்ச புள்ள நீ. இல்லீன்னா இல்லதான்."

அதற்குப் பிறகு குரல்களைப் பற்றி நீங்கள் வீட்டில் பேசவே இல்லை. அடுத்த முறை டாக்டர் கேட்டபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்பெல்லாம் இல்லைங்க" என்றீர்கள். மாத்திரையைக் குறைத்தார்கள். நான் சந்தோஷப்பட்டேன். ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போனீர்கள். கிளியூர்ப் பக்கம் ஓடையில் உங்கள் உடலைக் கண்டெடுத்தார்கள். எத்தனை தரம் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

களைப்பாக இருக்கிறது அப்பா. ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர். பேச்சு எனக்கு இப்போதும் சுலபமாக வருவதில்லை. வேலையை முடித்து அனுப்பிவிடுவதே வழக்கம். இன்று குப்பனூரிலிருந்து வந்த ஒரு பெண், நான் அவர் நெற்றியிலிருந்து பசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "உங்களுக்கும் கேக்குதுங்களா?" என்றார்.

"எனக்குக் கேக்கலைங்க. உங்களுக்கு என்ன கேக்குதுன்னு சொல்லுங்க."

வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.