பதிவுக்காகச் சொல்கிறேன், அண்ணே

அண்ணே,

இன்று காலை என் மகள் வாசல் கேட்டுக்கு எண்ணெய் விட்டாள். செரண்டாவுக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்தக் கேட்டு திறக்கும்போதெல்லாம் முனகும். தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெயைக் கொண்டுவந்து கீலில் விட்டதுதான் தாமதம், வாசனை வீட்டுக்குள் வந்துவிட்டது. நான் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் நடந்து வந்தால் உங்களுக்கு முன்னால் வந்து சேருகிற வாசனை அது.

இந்த மடலை வேறு யாராவது படித்தால் விழிப்பார்கள். அதனால் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்: நீங்கள் மனிதரில்லை. மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், உலு யாம் பக்கத்து எங்கள் ரப்பர்த் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி அடித்தபோது, வெள்ளைக்காரர்கள் லோரியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிய இரும்புச் சிப்பாய். நெஞ்சில் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண். கையோடு சேர்த்தே ஒரு துப்பாக்கி. சண்டைக்கென்றே செய்த உடம்பு. ஆனால் பேசியது தமிழ், அதுவும் அச்சடித்த தமிழ். "நிற்க. சோதனைக்கு உட்படுக" என்று நீங்கள் சொன்ன முதல் நாள், வரிசையில் நின்ற பெண்களெல்லாம் பயத்தை மறந்து சிரித்துவிட்டோம்.

காட்டுக்குள் ஒளிந்து சண்டைபோட்டவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்பது அப்போதைய சட்டம். ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போகிற நாங்கள் சோறு கொண்டுபோகக் கூடாது. சீனி போடாத தேத்தண்ணி மட்டும்தான். விடிந்ததும் விடியாததுமாக வாசலில் வரிசை கட்டி நிற்போம். நீங்கள் பையைப் பார்ப்பீர்கள், தலைத்துணியைப் பார்ப்பீர்கள், அடுத்த ஆள். ஈவு இரக்கம் என்று ஒன்றும் கிடையாது, ஆனால் ஓரவஞ்சனையும் கிடையாது. தொரையின் சமையல்காரரையும் எங்களைப் போலத்தான் நிறுத்தினீர்கள். அந்த ஒன்றுக்காகவே எனக்கு உங்களைப் பிடித்துப்போனது.

நம் இருவருக்கும் முதல் சண்டை வந்தது நினைவிருக்கிறதா? கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, "போயிட்டு வரேன்டி கண்ணு" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன். நீங்கள் குறுக்கே நின்றீர்கள்.

"திரும்பி வருவது உறுதியா?"

"என்னா கேள்வி இது?"

"வெளியே ஆபத்து உள்ளது. உறுதியற்றதைக் கூறுவது பொய். 'போகிறேன்' என்று கூறுவதே சரி."

எனக்கு வந்ததே கோபம். "காலங்காத்தால உங்க வாயில நல்ல வார்த்தயே வராதா? எங்க ஆளுங்க யாரும் 'போறேன்'னு சொல்லிட்டுப் போக மாட்டாங்க. போயிட்டு வரேன்னுதான் சொல்லுவோம்."

"நான் பொய் கூறுவதில்லை," என்றீர்கள்.

"உங்கள யாரு சொல்லச் சொன்னா? வழிய விடுங்க!"

அடுத்து நீங்கள் செய்த வேலைதான் தோட்டம் முழுக்கச் சிரித்த கதை. பெயர்ப் பதிவில் எனக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. நானோ எங்களை வேலை வாங்குகிற மண்டோரை மாமா என்பேன், பக்கத்து லயத்துக்காரரை அண்ணே என்பேன், தண்ணீர் தூக்குகிறவரைச் சித்தப்பா என்பேன். எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், பதிவிலோ யாருக்கும் யாரும் இல்லை. உங்கள் கணக்குக்கு இது ஒரு ரகசியக் கூட்டமாகப் பட்டிருக்கிறது. அதிகாரிக்குத் தகவல் கொடுத்துவிட்டீர்கள். ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "ஐயா, இவங்கள்லாம் இப்படித்தான் கூப்பிடுவாங்க லா, ரத்த சம்பந்தம்லாம் வேணாம்" என்று விளக்கிய பிறகுதான் விட்டீர்கள்.

மறுநாள் என் பையைச் சோதித்துவிட்டுத் திருப்பித் தராமல் நின்றீர்கள்.

"இங்கு என்னை யாரும் எந்த உறவிலும் அழைப்பதில்லை. காரணம் என்ன? பதிவுக்காகக் கேட்கிறேன்."

பதிவாவது கிதிவாவது! ஏக்கம், அண்ணே, ஏக்கம். அதை இரும்புக்குள் போட்டு மூடிவைத்தால் எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து அண்ணன் இல்லாமல் வளர்ந்தவள் நான். "சரிண்ணே, சோதிச்சது போதும், பையக் குடுங்க" என்றேன். கொடுத்தீர்கள். எனக்குப் பின்னால் நின்றவரை மட்டும் மறந்துபோய் இரண்டு தரம் சோதித்தீர்கள்.

அதற்குப் பிறகு பிள்ளைக்குக் காது குத்து வந்தது. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கோ கூடப்பிறந்த அண்ணன் தம்பி இல்லை. லயத்து அண்ணன்மார்கள் ஆளுக்கு ஆள் மடி கொடுக்க வந்தார்கள். ஒருவரைக் கூப்பிட்டால் இன்னொருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். யோசித்துப் பார்த்தேன். நேராக வாசலுக்கு வந்து உங்களைக் கேட்டேன்.

"எவருக்கும் மனத்தாங்கல் நேராது. தர்க்கப்படி சரியான தேர்வு," என்றீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தாய்மாமன் செய்ய வேண்டியவை யாவை? பதிவுக்காகக் கேட்கிறேன்" என்றீர்கள். மடி கொடுக்க வேண்டும், தோடு கொண்டுவர வேண்டும் என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தேன்.

வேலிக்குள்ளேயே, வாசலையொட்டிய மாரியம்மன் கோயிலில் குத்தினோம். வெயிலில் காய்ந்த இரும்பு பிள்ளையைச் சுடும் என்று உங்கள் தொடையில் நனைந்த சாக்கை விரித்தோம். ரவாங்கிலிருந்து வந்த பத்தர் உங்களைப் பார்த்துவிட்டு ஊசியைக் கீழே போட்டுவிட்டார். பிள்ளை வீறிட்டு அழுதாள். "இவ்வொலியை நிறுத்த என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டீர்கள். "தொடைய ஆட்டுங்கண்ணே!" என்று கத்தினேன். ஆட்டினீர்கள். முட்டி கிறீச்சிட்டது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்துக்குச் சிரித்தாள். அப்போது சாக்குக்கு அடியிலிருந்து இரண்டு சின்னச் செம்பு வளையங்களை எடுத்து நீட்டினீர்கள். அதற்குப் பிறகு உங்கள் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. என்னண்ணே இது என்று கேட்டதற்கு, "சுடுவதற்கு அவை தேவையில்லை" என்று முடித்துவிட்டீர்கள். உங்கள் உடம்புக்குள்ளிருந்து பிடுங்கிய கம்பியில் செய்த தோடு அது.

பிறகு அந்த மாலை. ஊரடங்குச் சங்கு ஊதியாகிவிட்டது, கேட்டு சாத்தியாகிவிட்டது, என் வீட்டுக்காரர் மட்டும் வந்து சேரவில்லை. காய்ச்சலில் மரத்தடியில் விழுந்து கிடந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாது. வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பாதை வளைவில் ஓர் ஆள் தள்ளாடி வருகிறது. நடையைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. சங்கு ஊதிய பிறகு வாசலுக்கு வெளியே அசைவது எதுவானாலும் சுட வேண்டும், யார் என்று பார்க்கக் கூடாது என்பது உங்களுக்கு இட்ட கட்டளை. உங்கள் துப்பாக்கி உயர்ந்தது.

"அண்ணே, சுடாதீங்க! அது எம் புருஷன்!"

உங்கள் கை அசையவில்லை. குறியும் மாறவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்தக் கை சுட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் வாழ்க்கையே அந்தத் துப்பாக்கி முனையில் நின்றது. அப்போது திரும்பாமலே, வாசலில் நின்ற கிராணியிடம் கேட்டீர்கள்.

"வாசல் எது? கட்டளையில் உள்ளபடி கூறுக."

கிராணி அவசரமாகக் கட்டளைத் தாளை விரித்தார். "நீங்க... காவலன் நிக்கிற எடந்தான் வாசல்னு எழுதியிருக்கு."

அவ்வளவுதான். கேட்டைத் திறந்துகொண்டு நடந்தீர்கள். முட்டி கிறீச்சிடக் கிறீச்சிட, அதற்குள் பாதையில் விழுந்துவிட்ட மனுஷனைத் தாண்டிப் போய், காட்டைப் பார்த்துக் காலை ஊன்றி நின்றீர்கள். "இப்போது வாசல் இங்கே. இவர் உள்ளே இருக்கிறார். தூக்கிச் செல்க," என்றீர்கள். எங்கள் ஆட்கள் ஓடிப்போய்த் தூக்கி வந்தார்கள். உங்களைப் போல் அறிவாளியை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். கட்டளையை மீறினாயா என்று கிராணி மூலம் கேட்டார். "மீறவில்லை. நான் நடந்தேன், வாசலும் என்னோடு நடந்தது," என்றீர்கள். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன். கிளம்புகிற மனுஷன் சும்மா போகாமல், சரி, எதற்காக நடந்தாய் என்று கேட்டார்.

"அவர் என் தங்கையின் கணவர். பதிவுக்காகக் கூறுகிறேன்."

கிராணி அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். நீங்களே ஆங்கிலத்திலும் சொன்னீர்கள். அதிகாரியின் சிரிப்பு நின்றது. 'பழுது' என்று எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை லோரி வந்தது. கழற்றிப் பிரித்து உருக்கிவிடுவார்கள் என்று கிராணி சொல்லியிருந்தார். அது உங்களுக்கும் தெரியும். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்கள் முன்னால் போய் நின்றேன்.

"ஏண்ணே, மொதப் பதிலோட வாய மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"கேட்கப்பட்டது. மேலும்..." நீங்கள் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்தது அன்றுதான். "மேலும், சொல்ல விரும்பினேன்."

லோரியில் ஏறினீர்கள். பிள்ளையின் காதில் இருந்த செம்பு வளையத்தைப் பார்த்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்து, அச்சடித்த தமிழை விட்டுவிட்டு, எங்கள் லயத்துத் தமிழில் சொன்னீர்கள்.

"போயிட்டு வரேன், தங்கச்சி."

தோட்டமே கேட்கும்படி, "போயிட்டு வாங்கண்ணே!" என்றேன். எனக்குப் பின்னால் மண்டோர் சொன்னார், கிராணி சொன்னார், மடி கொடுக்க முடியாமல் போன அண்ணன்மார்களும் சொன்னார்கள்.

அன்று நீங்கள் வாசலுக்குள் சேர்த்த மனுஷன் அதற்குப் பிறகு வெகுகாலம் என்னோடு வாழ்ந்தார். கடைசிவரை உங்களை மச்சான் என்றுதான் சொல்வார். அந்த வளையங்களை என் மகள் தன் பிள்ளைகளுக்கும் போட்டுப் பார்த்துவிட்டு, தையல் மிஷின் டிராயரில் பத்திரமாக வைத்திருக்கிறாள். வேலியைப் பிரித்துவிட்டார்கள், தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். நீங்கள் நின்ற இடத்தில் இப்போது மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. எனக்கு அதிலெல்லாம் பெரிய வருத்தம் இல்லை. கூடப்பிறந்த அண்ணன் உள்ளவர்களைப் பார்த்தால்கூட நான் பொறாமைப்படுவதில்லை.

உருக்கிவிட்டார்கள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் உறுதியற்றதைச் சொல்கிற ஆளா நீங்கள்? ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

சற்று முன் இருட்டத் தொடங்கியதும் மகள் பூட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். எண்ணெய் விட்டதில் அது சத்தமே இல்லாமல் திறந்து மூடியது. நான் இங்கிருந்தே குரல் கொடுத்தேன்: "பொறுடி, பூட்டாத. உங்க மாமா வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."