வள்ளம் திரும்பியது, மாமி

என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைக்காமல் கடைசிவரை ‘பிள்ளை’ என்றே அழைத்த என் மாமிக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்தால் “சுத்தி வளைக்காமச் சொல்லு பிள்ளை” என்றுதான் சொல்லியிருப்பீர்கள். வள்ளம் திரும்பியது. உங்கள் இரண்டு மகன்களும் பார்த்தார்கள். உங்கள் பேத்தி பார்த்தாள். நான் கையில் துருவின தேங்காய்ப்பூவோடு நின்று பார்த்தேன்.

இதை வேறு யாராவது வாசித்தால் என்ன வள்ளம், எங்கே போய்த் திரும்பியது என்று கேட்பார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்து வீடு என்றதும் மீன்பிடி வள்ளம் என்றே நினைப்பார்கள். அவர்களுக்காகப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பிழை இருந்தால் நீங்கள் வழக்கம்போல இருமிக் காட்டுங்கள்.

கப்பலில் வேலை செய்த உங்கள் தம்பி, ஒருமுறை ஜப்பானிலிருந்து மருமக்களுக்கு ஒரு டீவி கேம் கொண்டுவந்தார். கூடவே ஒரேயொரு கசட். அதன் மேல் ஒட்டியிருந்த தாள் வரும் வழியிலேயே கிழிந்துபோயிற்று. அதனால் அந்த விளையாட்டின் பெயர் இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு சின்ன வள்ளம் துறைமுகத்திலிருந்து புறப்பட்டுப் பாறை, சுழி, திமிங்கிலம் எல்லாம் தாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வெளிச்சவீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே அது ‘வள்ளம் கேம்’. ஜப்பான் மெசினுக்கும் நம்மூர் டீவிக்கும் ஒத்துவராததால் படம் கறுப்பு வெள்ளையில்தான் வந்ததாம்.

பிள்ளைகள் இரண்டு பேரும் அதில் சூரர்கள் என்று ஒழுங்கைத் தெரு முழுக்கப் பேச்சு. பள்ளிக்கூடம் விட்டால் பொடியன்கள் எல்லாரும் உங்கள் வீட்டு விறாந்தையில். ஒருவன் வெளிச்சவீட்டைத் தொட்டதும் டீவி இருண்டு, விளங்காத எழுத்துகள் வரும், பாட்டும் நிற்கும். “முடிஞ்சுது, முடிஞ்சுது, அடுத்த ஆள்!” என்று கத்திக்கொண்டு மெசினை நிறுத்தி மறுபடி போடுவார்கள். அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது வேறென்ன செய்வது?

நீங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டர். பின்னேர வேலை வரும் கிழமைகளில், காலையில் வீட்டில் நீங்கள் மட்டும். ஒருத்தரும் வரிசையில் இல்லை. உலையை வைத்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்து விளையாடுவீர்கள். எந்த அம்மா அந்தக் காலத்தில் டீவி கேம் விளையாடினார், மாமி? இதை நான் யாரிடம் சொன்னாலும் முதலில் நம்பமாட்டார்கள். எனக்கோ சொல்லும்போதே தலை நிமிர்ந்துவிடும்.

அப்படியொரு காலையில்தான் அது நடந்தது. வெளிச்சவீட்டைத் தொட்டீர்கள். டீவி இருண்டது. அந்த நேரம் பார்த்துக் குசினியில் உலை பொங்கிய சத்தம். கையிலிருந்ததைப் பாயில் போட்டுவிட்டு ஓடினீர்கள். மிச்சத்தை உங்கள் வாயாலேயே எத்தனை தரம் கேட்டிருப்பேன்!

“சோறு வடிச்சுப் போட்டு வந்து பாக்கிறன், டீவி வெளிச்சுக் கிடக்கு பிள்ளை. வள்ளம் மற்றப் பக்கம் பாத்துக் கொண்டு நிக்குது. எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. அமத்திப் பாத்தன். வந்த வழியே திரும்பிப் போகுது! கரை மட்டும் கொண்டுவந்து கட்டிப் போட்டுத்தான் நான் வேலைக்கு வெளிக்கிட்டனான்.”

பின்னேரம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அந்தக் காலத்து விளையாட்டுகளில் படம் ஒரு பக்கமாகத்தான் நகரும். கடந்த இடம் கடந்ததுதான். “விசர்க்கதை கதையாதைங்கோ அம்மா” என்றாராம் மூத்தவர். “டீவியைக் கண்ணாடியில பாத்திருப்பா” என்றாராம் சின்னவர் சுதன். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. துறையில் ஆட்களை ஏற்றி அக்கரையில் இறக்குகிற மிதவைக்குப் பாதை என்று பெயர். “கிண்ணியாவுக்குப் போற பாதை திரும்பி வராதோ? போறதெல்லாம் திரும்பி வரத்தானே வேணும்” என்று நீங்கள் கேட்டதற்கும் சிரிப்புத்தான் பதில்.

நேரில் காட்டலாம் என்று ஒருநாள் உட்கார்ந்தீர்களாம். ஆனால் ஒழுங்கைப் பொடியன்கள் சுற்றி நின்று பார்க்க, முதல் பாறையிலேயே மோதிவிட்டீர்கள். பிறகு நாட்டுப் பிரச்சினை பெருத்துச் சண்டையாகி, எல்லாரும் வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தது. திரும்பி வந்தபோது டீவியும் இல்லை, மெசினும் இல்லை, கதவு நிலை கூட இல்லை. சொந்தக்காரர் எல்லாம் கொழும்பு, கனடா என்று போக, நீங்கள் மட்டும் இதே வளவில் கதவு போட்டு, ஓடு போட்டு, பழையபடி உலை வைத்தீர்கள். அந்தத் துணிச்சலைப் பற்றி ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் வள்ளத்தைச் சொல்லிச் சிரிப்பதை மட்டும் விடவில்லை. வீட்டில் யார் நம்பமுடியாததைச் சொன்னாலும் “ஓம் ஓம், வள்ளம் திரும்பிட்டுது” என்பது பழக்கமாகிவிட்டது.

நான் கலியாணம் முடித்து வந்த முதல் கிழமை அது என் தலையிலும் விழுந்தது, ஞாபகமா? திரியாய் என்ற எங்கள் ஊர் வீட்டில் யானை ஒன்று படலையைத் தள்ளிக்கொண்டு வந்து, பலாப்பழம் தின்றுவிட்டு, வந்த மாதிரியே போனதைச் சொன்னேன். நடந்த கதை. “வள்ளம் திரும்பிட்டுது!” என்று அண்ணனும் தம்பியும் ஒரே குரலில். விளங்காமல் முழித்த என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு, திருவலையில் தேங்காய் துருவியபடியே முழுக் கதையையும் சொன்னீர்கள். கடைசியில், “உன்ர யானை வந்தது தானே?” என்று கேட்டீர்கள். “ஓம் மாமி, வந்தது.” “என்ர வள்ளமும் திரும்பினது தான்” என்றீர்கள். அன்றைக்கே நாங்கள் ஒரு கட்சி.

ஆனால் உங்களை நம்புகிறேன் என்று ஒருநாளும் உரத்துச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? அந்த விளையாட்டை நான் கண்டதே இல்லை. கனடாவிலிருந்து சுதன் எத்தனையோ தரம் தேடிப் பார்த்தாராம். பெயர் தெரியாத ஒன்றை என்னவென்று தேடுவது? போன வருடம் நீங்கள் கண் மூடியபோது, வந்தவர்கள் உங்கள் நல்ல குணங்களை எல்லாம் சொன்னார்கள். நடுவில் யாரோ இந்த வள்ளத்தையும் சொல்லிச் சிரித்தார்கள். பாசத்தோடுதான் சிரித்தார்கள். இருந்தும் எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லத் தெரியாத ஒரு மனுசியின் பெயரில் ஒரு பொய் மிஞ்சிவிட்டதே என்று அழுகை வந்தது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் ஆட்டைத் திவசத்துக்குச் சுதன் வந்தார். எங்கள் மகள் மதுராவுக்கு ஒரு புது கேம் மெசின் கொண்டுவந்தார். அந்தக் காலத்து விளையாட்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, இந்தப் புது மெசினுக்கென்று திரும்பவும் வெளியிட்டிருக்கிறார்கள். திவசம் முடிந்த மறுநாள் காலை, மதுரா அதைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டத் தட்ட ஒவ்வொன்றின் பாட்டும் கொஞ்சம் வந்து போகும். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று உங்கள் பாட்டு கேட்டது, மாமி.

நீங்கள் தேங்காய் துருவும்போது மூக்கால் முனகுகிற அந்தப் பாட்டு. பக்கத்து மாதா கோவிலில் கேட்டுப் பழகியது என்றல்லவா நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்! “நிப்பாட்டு, அதை நிப்பாட்டு, தாண்டிப் போகாதை!” என்று கத்திக்கொண்டு கையும் பூவுமாக ஓடிவந்தேன். சுதன் எட்டிப் பார்த்தார். டீவிக்குக் கிட்ட வந்தார். பிறகு, “அண்ணா, இஞ்ச வாங்கோ. வள்ளம்!” என்றார். தலை நரைத்த இரண்டு பேரும் டீவிக்கு முன்னால் சின்னப் பொடியன்கள் போல நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லட்டுமா? உங்கள் வள்ளம் மஞ்சள் நிறம். பாய் சிவப்பு. கடல், நம் உட்துறைமுகத்தில் காலை வெயில் படுகிறபோது இருக்குமே, அந்தப் பச்சை.

சுதன் விளையாடத் தொடங்கினார். கை ஒன்றையும் மறக்கவில்லை. திமிங்கிலத்தைக் கூடச் சிரித்துக்கொண்டே தாண்டினார். வெளிச்சவீடு தெரிகிற நேரம் நான் கிட்ட வந்தேன். “சுதன், ஒண்டு சொல்லவேணும். முடிஞ்ச உடன நிப்பாட்டக் கூடாது” என்றேன்.

“ஏன் அண்ணி, வள்ளம் திரும்பப் போகுதோ?”

“ஓம். திரும்பாட்டி, இனி இந்த வீட்டில ஆரும் அதைச் சொல்லிச் சிரியுங்கோ. நானும் சேந்து சிரிக்கிறன்.”

சொல்லிய பிறகுதான் உறைத்தது. உங்களைக் கேட்காமல் உங்கள் சொல்லைப் பணயம் வைத்துவிட்டேன். திரும்பாவிட்டால்? உங்கள் கண்தான் ஏமாந்திருந்தால்?

வள்ளம் வெளிச்சவீட்டைத் தொட்டது. டீவி இருண்டது. விளங்காத எழுத்துகள் வந்தன. பாட்டு நின்றது. சுதனின் பெருவிரல் தன்பாட்டில் வெளியேறும் பொத்தானுக்குப் போனது. “தொடாதைங்கோ!” என்று அவர் கையைப் பிடித்தேன். அவருடைய கை முழுக்கத் தேங்காய்ப்பூ.

நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. “காணும் அண்ணி, விடுங்கோ” என்றார் சுதன். “பொறு சித்தப்பா” என்றாள் மதுரா. இவர், உங்கள் மூத்தவர், மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். உலை பொங்கினால் ஓடிப்போய்ச் சோறு வடித்துவிட்டு வருகிற நேரம் எவ்வளவு என்று உங்கள் மகன்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். நான் மனதுக்குள் உலையை இறக்கினேன். மூடியைத் துணியால் பிடித்தேன். கஞ்சியைச் சாய்த்தேன். பானையைத் திரும்ப நிமிர்த்தினேன்.

டீவி மெல்ல வெளித்தது. மஞ்சள் வள்ளம், கரையைப் பார்த்துத் திரும்பி நின்றது.

இவர்தான் முதலில் வாய் திறந்தார். “அம்மா சொன்னது மெய்யடா” என்றார். சுதன் முகத்தைத் துடைக்கப் போய்க் கன்னமெல்லாம் தேங்காய்ப்பூ. அந்த எழுத்துகளை மதுரா போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். அது மொழிபெயர்த்துக் காட்டியது: ‘காற்று மாறும்வரை பொறுத்திருக்கவும்.’ அவ்வளவுதான். ஒழுங்கையில் இருந்த அத்தனை கெட்டிக்காரப் பொடியன்களுக்கும் அதற்குப் பொறுமை இருக்கவில்லை.

ஆனால் பெருமை அத்தோடு முடியவில்லை, மாமி. இதற்குத்தான் முக்கியமாக எழுதுகிறேன். திரும்புகிற வழியில் எல்லாம் மாறிவிடுகிறது. நீரோட்டம் எதிர்த்து வருகிறது. பாறைகள் மற்றப் பக்கத்தால் வருகின்றன. சுதன் அமத்தினார், மோதினார். திரும்பப் பழைய இடத்திலிருந்து தொடங்கி வந்து, திரும்ப மோதினார். பின்னேரம்வரை இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். முதல் சுழியைக்கூடத் தாண்ட ஏலவில்லை. இந்தப் புது மெசினில் பிழை விட்டால் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டித் திருத்துகிற வசதி இருக்கிறது. சுதன் அதைத் தேடப் போனார். “வேண்டாம்” என்று இவர் தடுத்தார். “அம்மாவுக்கு அது இருந்ததோ?”

இருக்கவில்லைதானே! கறுப்பு வெள்ளைப் படத்தில், ஒரு உதவியும் இல்லாமல், வேலைக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தோடு, நீங்கள் அதைக் கரை சேர்த்துக் கட்டிவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருக்கிறீர்கள். திருகோணமலையிலேயே பெரிய விளையாட்டுக்காரி எங்கள் வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்திருக்கிறார்!

சுதன் திரும்பிப் போய்விட்டார். கிழமைக்கு ஒருமுறை போன் எடுத்து, சுகம் கேட்பதற்கு முதல், “அண்ணி, வள்ளம் எங்க நிக்குது?” என்று கேட்கிறார். போன சனிக்கிழமை மீன்காரர் பாரை மீன் இன்றைக்குப் பிடிபட்டதுதான் என்று அடித்துச் சொன்னார். இவர் அவரை உற்றுப் பார்த்து, “வள்ளம் திரும்பின மாதிரி மெய்யோ?” என்று கேட்டார். மீன்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. உங்களைப் பார்த்துச் சிரித்த சொல்லை வைத்தே உங்கள் மகன் இப்போது சத்தியம் கேட்கிறார்.

வேலையால் வந்து தேநீர் குடித்ததும் நான் டீவிக்கு முன்னால் இருக்கிறேன். திமிங்கிலத்தைத் தாண்ட இப்போதுதான் பழகியிருக்கிறேன். கை மெதுவாகத்தான் படிகிறது, ஆனால் படிகிறது. பின்னுக்கு ஓட்டுகிற பொத்தானைத் தொடமாட்டேன். வெளிச்சவீட்டில் அவசரப்படமாட்டேன். உங்கள் வள்ளத்தை வந்த வழியே கொண்டுவந்து கரையில் கட்டுவேன். கட்டிவிட்டு, ஒருவருக்கும் சொல்ல முதல், குசினிக்குப் போய் உங்களுக்குத்தான் சொல்லுவேன்.

யானையையும் வள்ளத்தையும் நம்புகிற கட்சியில் மிஞ்சியிருக்கும்,
உங்கள் மருமகள்,
வாசுகி