உறை இல்லாமல் தந்த கிராண்ட்

இன்று காலை மகள் என் பழைய அலமாரியைத் துடைக்கத் திறந்தாள். அடித்தட்டிலிருந்து அந்துருண்டை மணம் கூடம் வரை வந்தது. பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன், மேற்கொண்டு ஒரு வரியும் ஓடவில்லை. அவள் கையில் ஒரு பழுப்புத்தாள் உறையோடு வந்து, உள்ளே ஒன்றுமில்லையே, வீசிவிடட்டுமா என்று கேட்டாள். கொடு என்று வாங்கிக்கொண்டேன்.

அந்த உறையை உனக்குத் தெரியும். நான் அதில் எழுதியபோது பக்கத்தில் நின்று சிரித்தவன் நீ.

மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தோம். நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாகப் போனேன். நீ ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாய். மற்ற நேரத்தில் தொழிலாளர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாய். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்ததும் அந்தக் கடிதங்களே உனக்கு வினையாகும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சுங்கை புரோங் போகிற சாலையோரம் உன் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் தென்னை. உனக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பாதி. அங்கிருந்த வீடுகளையும் காலி செய்து, ஆட்களை முள்வேலிக்குள் கட்டிய புதுக்கிராமத்துக்கு லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரத்தில்தான் நிலத்தின் உரிமைப்பத்திரமான கிராண்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். தம்பி வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கிய தாளை எங்கே கொடுக்கிறோம் என்று அவனும் பார்க்கட்டும் என்றாய்.

"கவர்மெண்டு உத்தியோகம் பாக்கிறவன் வீட்டை எவன்லா சோதிக்கப் போறான்? நீயே வெச்சுக்க."

எனக்குப் பயம்தான். ஆனாலும் வாங்கினேன். பழுப்புத்தாளில் உறை செய்து, பேனாவை எடுத்து, யாருடைய தாள், எந்தத் தேதி, தம்பியின் முன்னிலையில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இரண்டு அந்துருண்டைகளையும் உள்ளே போட்டேன். நீ குனிந்து வாசித்துவிட்டு, "உன்னை அறுத்துப் பார்த்தாக்கூட உள்ளே கோடு போட்ட தாள்தாண்டா இருக்கும்" என்றாய். வாசலில் நின்ற உன் தம்பியும் சிரித்தான்.

பத்து நாளில் உன்னைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறு வருஷம் உன் தம்பி கோர்ட்டுக்கு வந்தான். வீடு மாறியபோது லோரியிலிருந்து தகரப்பெட்டி விழுந்து கிராண்ட் தொலைந்துவிட்டது, வேறு தர வேண்டும் என்று ஒரு சத்தியம். அண்ணன் தன் பாதியை எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று இன்னொரு சத்தியம். மொழிபெயர்க்க நின்றவன் நான். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் அவன் முகம் வெளுத்தது. பிறகு நிதானமாகச் சொன்னான், "அந்தத் தாள் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க."

சாட்சி சொல்வதைச் சாட்சியாகவே நின்று சொல்வது எங்கள் தொழில் முறை. ஆகவே, அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். தாள் என் அலமாரியில் இருந்தது. தடுப்புக்காவலில் இருப்பவனின் பொருள் என்னிடம் எப்படி வந்தது என்று கேட்பார்களே என்ற ஒரு நினைப்புதான் எனக்கு. அவன் என்னை அளந்து வைத்திருந்தான். புதிய கிராண்ட் அவன் பெயருக்கே வந்தது.

நீ விடுதலையாகி நேரே என்னிடம்தான் வந்தாய். பாதித் தலை நரைத்திருந்தது. தம்பி மேல் வழக்குப் போடப் போகிறேன் என்றாய். தோட்டத்தில் வேலை போனால் அவர்கள் தந்த லயத்து வீடும் போகும், பெண்டாட்டி பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்றாய். உள்ளே போய்த் தாளை எடுத்தேன். எடுத்தபோதே உறையைக் கழற்றிவிட்டேன். இதை நான் யோசிக்காமல் செய்ததாகப் பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய்.

வெறும் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உறை எங்கே என்று கேட்டாய்.

"கரையான் அரிச்சிருச்சு."

"அந்துருண்டை போட்ட அலமாரியிலயா?"

நீ தாளை மடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டாய். பிறகு, "சரி விடு. பிள்ளைகுட்டிக்காரன். உன் பேரு வராது" என்றாய். வரட்டும் என்று சொல்ல அப்போது எனக்கு இடமிருந்தது. காப்பி குடிக்கிறாயா என்று கேட்டேன்.

வழக்கு வந்தது. எனக்கு இவரைத் தெரியும், வேறு ஆளைப் போடுங்கள் என்று நான் விலகியிருக்கலாம். எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று அதற்கும் பயந்தேன். தாள் தொலையவில்லை என்று நீ காட்டினாய். அண்ணன் ஒளித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது, தொலைந்ததென்றே நம்பினேன் என்றான் தம்பி. அவனுக்குத் தெரியும் என்று நிரூபித்தால் முதல் சத்தியம் உடையும்; அதோடு விட்டுக்கொடுத்த கதையும் உடையும். அதற்குத் தேவைப்பட்டது அந்த உறை. இல்லையென்றால் நான்.

காவலில் இருந்த வருஷங்களில் தாள் யாரிடம் இருந்தது என்று அவன் வழக்கறிஞர் கேட்டார். தென்னை மரத்தடியில் தகரப்பெட்டியில் புதைத்து வைத்திருந்தேன் என்றாய். பொய் சொல்லிப் பழகாதவன் நீ. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய். வழக்கறிஞர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு கறை இல்லை, ஒரு மடிப்பு இல்லை. முகர்ந்தார். பிறகு நீதிபதியிடம் நீட்டினார். நீதிபதியும் முகர்ந்து பார்த்தார். ஈரமண்ணில் கிடந்த தாளில் அந்துருண்டை மணம் எப்படி வந்தது என்ற கேள்வியைத் தமிழில் உன்னிடம் கேட்டவன் நான்தான்.

நீ தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய்.

"தெரியலைங்க."

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். நீ நம்பத்தகாத சாட்சி என்று நீதிபதி எழுதினார். நிலம் அவனுக்கே நின்றது.

கோர்ட்டுப் படியில் உன் பின்னாலேயே வந்தேன். குன்றிலிருந்து இறங்கிய குரங்குகள் யாரோ போட்ட கச்சான் கடலைத் தோலைக் கிளறிக்கொண்டிருந்தன. நீ நின்று, கோபமே இல்லாமல், "நல்லா மொழிபெயர்த்தேடா. ஒரு சொல்லும் விட்டுப் போகலை" என்றாய். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை.

கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்தில் சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டேன். கண் மங்கி வேலை நின்றதும் லயத்து வீட்டைக் கேட்டார்கள் என்றும், மகள் வீட்டுச் சமையலறைச் சாய்ப்பில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாய் என்றும் கேள்விப்பட்டேன். நீ இறந்துபோன செய்தியை உன் மகள்தான் எழுதியிருந்தாள். இரண்டு பஸ் மாற வேண்டும், முழங்கால் வலி என்று காரணம் சொல்லி நான் போகவில்லை.

என் மகள் ஆங்கிலப் பள்ளியில் படித்தவள்; தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். தம்பியின் முன்னிலையில் என்ற இடம் வரை சொல்லிவிட்டு உறையை மடியில் வைத்துக்கொண்டேன். "இது யாருக்கும் தேவைப்படலியாப்பா?" என்று கேட்டாள். தேவைப்பட்டது என்றேன்.

நிலம் பலமுறை கைமாறிவிட்டது. சட்டப்படி இந்த உறைக்கு இனி ஒரு வேலையும் இல்லை. ஆனால் தன் அப்பா கோர்ட்டில் பொய் சொல்லித் தோற்றார் என்றுதான் உன் மகளுக்குத் தெரியும். யாருக்காகச் சொன்னார் என்று தெரியாது. அதையும் ஒரு தாளில் எழுதி உறைக்குள் வைத்து, அவள் விலாசம் போட்டு, தபால்தலையும் ஒட்டிவிட்டேன்.

இன்று இரண்டு முறை தபாலாபீஸ் வரை போய்த் திரும்பிவிட்டேன். உறை என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. சட்டையெல்லாம் அந்துருண்டை மணம். யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்தால் போதும், அந்தத் தாள் யாரிடம் இருந்தது என்று தெரிந்துவிடும்.