உரியாவின் மனைவி

டிசம்பர் 19, வெள்ளி

துபாய் அல் குசைஸில் இன்று கிறிஸ்துமஸ் ஜெபக்கூட்டம். இயேசுவின் வம்ச வரலாற்றை வாசிக்க என் மனைவி கிரேஸைக் கூப்பிட்டார்கள். வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் தடங்கலில்லாமல் வாசித்தாள். சாலொமோனின் தாய் வரும் இடத்தில் மட்டும் ‘உரியாவின் மனைவி’ என்பதை விட்டுவிட்டு, ‘பத்சேபாள்’ என்று அவள் பெயரையே சொன்னாள்.

சாப்பிடும்போது கூட்டம் நடத்தும் அண்ணன், “தங்கச்சி வசனத்தையே மாத்திட்டாளே, கவனிச்சீரா?” என்றார். சிரித்து வைத்தேன்.

காரில் வரும்போது அவளிடம் கேட்டேன்.

“புருஷன் செத்து, ராஜாவையே கட்டி, பிள்ளையும் பெத்தாச்சு. பொறவும் அவளுக்குன்னு ஒரு பேரு கிடையாதா?” என்றாள். கை வயிற்றின் மேல் இருந்தது. ஏழாம் மாதம்.

எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது? “அவளைக் கட்டணும்னு உரியாவைப் போர்ல சாகவிட்டது தாவீது. எபனேசர் சைட்ல விழுந்தன்னைக்கு நான் ஜெபல் அலியிலயே இல்ல” என்றேன்.

“நான் அவிய பேச்சையே எடுக்கலையே” என்றாள்.

எபனேசர் என் ரூம்மேட். அவளுடைய முதல் கணவன். அவன் இறந்த செய்தியை ஊருக்குச் சொன்னவன் நான்தான். அதற்கு முன்பே, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவன் கொடுத்த அவளுடைய நம்பர், என் போனில் இன்னும் ‘எபனேசர் வீடு’ என்றுதான் இருக்கிறது; அழைப்புகளில் முதலில் நிற்பதும் அந்தப் பெயர்தான். சற்றுமுன் அழித்து ‘கிரேஸ்’ என்று அடித்தேன். சேமிக்க விரல் வரவில்லை.

இன்று கூட்டத்துக்குப் போகும்போது வழி பார்த்துச் சொல்ல, என் போனை அவள்தான் கையில் வைத்திருந்தாள்.