அம்மாவின் ரிவால்வரில் ஆடிய கட்டை

அன்பு மகள் மிலேனாவுக்கு அப்பா எழுதுவது.

கார்தோனேயில் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை க்ரெய்கும் குட்டி ரூபியும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க மாதா காப்பாற்றட்டும். ரூபிக்குப் பல் முளைத்த படம் வந்தது, அதை உன் அம்மா ரொட்டிக்கடைக்காரி வரை எல்லோருக்கும் காட்டிவிட்டாள். இங்கே மழை விட்டபாடில்லை, மெல்லா ஆறு நிறைய ஓடுகிறது, பயப்படும்படி ஒன்றுமில்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பாதியில் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நிற்கும். வீட்டை விற்றுவிட்டு அங்கேயே வந்துவிடுகிறோம் என்று ஈஸ்டர் அன்று அம்மா உன்னிடம் சொன்னாள் அல்லவா, அதில் ஒரு மாற்றம். முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் வருத்தப்படு.

பனியில் வழுக்கி விழுந்து அம்மாவின் மணிக்கட்டு உடைந்தது உனக்குத் தெரியும். கட்டுப் பிரித்து மருத்துவர் சரி என்றதும், துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போய்த் தன் பழங்காலத்துக் கருமருந்து ரிவால்வரைச் சுட்டுப் பார்த்தாள். கோழி கிளறிய மாதிரி இலக்குத் தாளெல்லாம் குண்டு சிதறியது. ஒவ்வொரு வெடிக்கும் கட்டைவிரலின் அடியில் சுரீர் என்று வலி வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு சில வாரம் போய்ப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "கை போச்சு பத்திஸ்தா, காபிப் பாத்திரத்தையே ரெண்டு கையால தூக்குறேன், இனிமே இந்த ஊர்ல எனக்கென்ன வேலை, பேத்திகிட்டயே போயிடலாம்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம், ரூபி பிறந்ததிலிருந்து நான் கெஞ்சிக்கொண்டிருந்தது அதற்குத்தானே. ரிவால்வரைக் கிளப் செயலாளர் ஒரேஸ்தே வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

கொடுப்பதற்கு முன் துடைத்து வைக்கலாம் என்று அதை எடுத்தேன். இத்தனை வருடத்தில் என்னை அதைத் தொடவிட்டதே இல்லை அவள், "பட்டறையில ஊரான் துப்பாக்கிக்கெல்லாம் கட்டை பொருத்தினது போதாதா, என்னோடதை விடு" என்பாள். கையில் பிடித்ததுமே தெரிந்தது, கைப்பிடிக் கட்டை ஆடுகிறது. பின்பக்க இரும்புப் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தபால் அட்டை நுழையும். அவள் கையில் கட்டோடு இருந்த குளிர்காலம் முழுக்கத் துப்பாக்கி அலமாரி கொதிகலன் பக்கத்திலேயே இருந்தது, அந்தச் சூட்டில் வால்நட் மரம் காய்ந்து சுருங்கிவிட்டது. வெடிக்கும்போதெல்லாம் கட்டை நழுவி, உடைந்து ஒட்டின கையிலேயே இடித்திருக்கிறது.

துடைத்துப் பேசாமல் பெட்டியில் போட்டிருந்தால் போதும், மிலேனா. ரூபியைத் தோளில் தூக்கிக்கொண்டு உங்கள் கடற்கரையில் காலம் பூராவும் நடக்கலாம். பொலெந்தா சோளக் களியைக் கிளறிக்கொண்டே இதைத்தான் யோசித்தேன், அது அடிப்பிடித்துவிட்டது. தோட்டத்திலிருந்து வந்தவள் கருகல் வாடை பிடித்து, "என்ன கிழவா, அடுப்படியில நின்னு கனவா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். ரிவால்வரை வாங்கி அசைத்துப் பார்த்தாள், இன்னொரு தடவை அசைத்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்போ என் கை இல்லையா?" என்றாள். "உன் கையும்தான். ஆனா உன் கை மட்டும் இல்ல" என்றேன்.

புதுக் கட்டைக்கு நல்ல காய்ந்த வால்நட் துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. இரும்பின் உட்புறத்தை மெழுகுவர்த்திப் புகையில் கருக்கி, கட்டையை அழுத்தி எடுத்தால் இடிக்கும் இடத்தில் கரி ஒட்டும், அந்த இடத்தை மட்டும் உளியால் ஒரு இழை சீவ வேண்டும், மறுபடி அழுத்த வேண்டும். அவசரப்பட்டு ஒரு சீவு கூடினால் கட்டை மறுபடி ஆடும். அம்மா எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டே கண்காணித்தாள். "கொஞ்சம் தடிமனா விடட்டுமா, உனக்குப் பிடிக்க வசதியா இருக்கும்" என்று கேட்டுத் தொலைத்தேன். "அசல் எப்படியோ அப்படித்தான் இருக்கணும், போட்டியில உருவம் மாறினா ஒத்துக்க மாட்டாங்க. எனக்குச் சலுகை வேண்டாம், ஆடாம இருந்தா போதும்" என்று ஒரே வெட்டு. மரமும் இரும்பும் விசைக்காப்பின் பித்தளையும் விரலுக்கு ஒன்றாகப் படும்வரை சேர்த்து வைத்தே அரம் போட்டு, ஆளிவிதை எண்ணெய் பூசிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை கிளப்புக்குப் போனோம். அம்மா சுட்டு முடித்ததும், புகை விலகும்வரை தாள் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா பழைய நிவெஸ் ஆகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன், கை இன்னும் சோர்கிறது, கடைசிக் குண்டு ஓரத்துக்குப் போயிற்று. ஆனால் மற்றவையெல்லாம் ஒரு காபித் தட்டுக்குள் அடங்கின. ஒரேஸ்தே தாளைப் பார்த்து, "ஆக, எனக்குக் கிடையாது" என்றார். "ஆடின கட்டை சும்மாதான் கிடக்கு, வேணும்னா அதை எடுத்துட்டுப் போ" என்றாள் உன் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் பெர்த் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பும் வழியில் நான் சாலையை மட்டும் பார்த்து வண்டி ஓட்டினேன். "மூஞ்சியை ஏன் தூக்கி வச்சிருக்கே? நவம்பருக்கு டிக்கெட் போடு" என்றாள். எனக்குப் புரியவில்லை, நீதான் வரமாட்டாயே என்றேன். "கை போச்சுன்னு போய் மக வீட்டுல உக்காந்தா, பாரமா உக்காந்திருப்பேன். இப்போ போனா அம்மாவாப் போவேன்" என்றாள். வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான், நாங்கள் இருவரும் கவலைப்படவில்லை.

ஆகவே மகளே, வீடு விற்கவில்லை. நவம்பரில் வருகிறோம், வசந்தகாலப் போட்டிக்கு முன் திரும்புகிறோம், உடம்பு ஒத்துழைக்கும்வரை ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். எங்களுக்காகப் பின்னறைக்கு க்ரெய்க் அடித்த சுண்ணாம்பு வீணாகவில்லை என்று சொல். உனக்கு ஏமாற்றமாக இருக்கும், எனக்கும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் உன் அம்மா மறுபடி பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறாள்.

வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, ரூபியை அலையருகே தனியே விடாதே. மூவர் தலையிலும் எங்கள் கை இருப்பதாக நினைத்துக்கொள், மாதா துணை. மறக்காமல் ஒன்று, உங்கள் ஊர்ப் பக்கம் கருமருந்து சுடுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து வை. ரிவால்வரைக் கொண்டுவர முடியாது என்று அவளுக்குத் தெரியும், சும்மா நின்று பார்ப்பாளாம். சும்மா நிற்பாள் என்று நான் நம்பவில்லை.

அன்பு முத்தங்களுடன்,
அப்பா பத்திஸ்தா