வெந்நீரில் ஒரு ஞானஸ்நானம்

அன்பு குறையாத, கோபமும் இன்னும் ஆறாத என் அப்பாவுக்கு,

நாம் முன்பு இருந்த மலைத் தோட்டத்துக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன். களைப்பாக இருக்கிறது. பட்டம் வாங்கியும் வேலை கிடைக்கவில்லை, அதனால் வரும் களைப்பு இது என்று அம்மா சொல்கிறார். இருக்கலாம். ஆனால் இன்றைய களைப்பு உங்களால் வந்தது.

தோட்டத்து ராகேல் அக்காவின் மகள் எஸ்தருக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை மாத்தளை டவுனில் மிளகு, சாதிக்காய் வாங்கும் கடையில் வேலை செய்கிறான். நல்ல பையன். அவனுடைய பெரியப்பா காதில் யாரோ ஒரு கதையைப் போட்டுவிட்டார்கள். குழந்தையில் எஸ்தருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது போதகர் ஐயர் இல்லை, உபதேசியாராக இருந்த நீங்கள். அதுவும் குடித்திருந்தீர்கள் என்று. அந்த ஞானஸ்நானம் செல்லாது, கல்யாணத்துக்கு முன் பெண் மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார் அவர்.

எடுத்தால்தான் என்ன? கொஞ்சம் தண்ணீர். நான் அப்படித்தான் நினைத்தேன். ராகேல் அக்கா ஆள் அனுப்பியதால் போனேன். உங்கள் மகன், படித்தவன், பேசுவான் என்று நம்பியிருக்கிறார்.

ஆராதனை முடிந்து எல்லோரும், மாப்பிள்ளை வீட்டாரும்கூட, கோயிலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் நின்று பேசிய இடம் காலியாக இருந்தது. நோவா குடித்துக் கிடந்த கூடாரத்தையும், யாக்கோபு அப்பாவை ஏமாற்றப் போர்த்திய ஆட்டுத்தோலையும், மொட்டைமாடியில் நின்று அடுத்தவன் மனைவியைப் பார்த்த தாவீதையும் அங்கிருந்துதான் சொல்வீர்கள். குற்றமுள்ளவர்களின் கதைகளையே ஏன் தேடித் தேடிச் சொன்னீர்கள்? உங்களுக்கு நீங்களே ஜாமீன் கேட்டீர்களா? பெரிய கங்காணி ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். "நோவா கப்பலைக் கட்டி முடிச்சிட்டுக் குடிச்சாருங்க உபதேசியாரே. நீங்க கட்டாமலே குடிக்கிறீங்க." நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அம்மா சிரிக்கவில்லை.

புதிதாக வந்திருக்கும் ஐயர் இளைஞர். அன்று நடந்ததை ராகேல் அக்காவிடம் கேட்டார். அக்கா எழுந்து நின்று சொன்னார். விடாத மழை. ரோட்டில் மண் சரிந்து ஐயர் மாத்தளையிலிருந்து வர வழியில்லை. குழந்தைக்கு வலிப்பு, கண் மேலே செருகிவிட்டது. மலையிலிருந்து பீலியில் வந்த தண்ணீர் முழுக்கச் சேறு. அடுப்பில் தேத்தண்ணிக்குக் காய்ச்சி இறக்கிய தண்ணீர் மட்டும் இருந்தது. நீங்கள் அதை ஆற்றி எடுத்தீர்கள்.

"தேயிலைச் சாயம் போட்டதா?" என்று பெரியப்பா கேட்டார். பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"தூள் போடலைங்க," என்றார் அக்கா, சிரிக்காமல்.

உங்கள் வாயில் கசிப்புச் சாராய வாடை அடித்ததா என்று பெரியப்பா அடுத்துக் கேட்டார். அடித்தது என்று அக்கா ஒப்புக்கொண்டார். பிறகு ஐயர் பக்கம் திரும்பினார். "அது செல்லாதுன்னா, அன்னைக்கு என் புள்ளையத் தொட்டது யாருங்க ஐயா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுபடி தண்ணீர் ஊற்றினால், அந்த மழை நாளில் யாரும் வரவில்லை என்றாகிவிடும். இத்தனை வருஷம் அக்கா பிடித்துக்கொண்டிருந்தது கடவுள் வந்தார் என்ற அந்த ஒன்றைத்தான்.

ஐயர் என்னைப் பார்த்தார். எனக்கு விசுவாசம் எவ்வளவு மிச்சம் என்று எனக்கே தெரியாது, அப்பா. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த எதுவும் வாயில் வரவில்லை. நீங்கள் சொன்ன கதைதான் வந்தது. தண்ணீருக்காகக் கன்மலையோடு பேசு என்று மோசேக்குக் கடவுளின் கட்டளை. அவர் ஜனங்களைத் திட்டிவிட்டு, கோபத்தில் கோலால் அடித்தார், இரண்டு தரம். தப்பு. ஆனாலும் தண்ணீர் வந்தது. ஜனங்கள் குடித்தார்கள், மாடுகளும் குடித்தன. தண்டனை மோசேக்குத்தான், தாகத்தோடு நின்றவர்களுக்கு இல்லை. இவ்வளவுதான் சொன்னேன்.

"அப்பாவுக்காகப் பேசுறீங்க தம்பி," என்றார் பெரியப்பா.

"அப்பாவுக்காகப் பேச எங்கிட்ட ஒண்ணும் இல்லைங்க."

அது உண்மை. கன்மலையை அடித்தவருக்காக நான் வாதாடவில்லை. உங்களிடமிருந்து உபதேசியார் வேலையை எடுத்தது நியாயம்தான். கடைசிவரை பின் வாங்கில் உட்கார்ந்தீர்கள். பிரஜாவுரிமையும் வரவில்லை, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஆகாதவராகவே கண்மூடினீர்கள். மோசேயும் கடவுள் வாக்களித்த தேசத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அதை நினைத்து அழலாமா, கூடாதா? எனக்குத் தெரியவில்லை.

ஐயர் கடைசியாக ஒன்றே கேட்டார்: பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமம் சொல்லப்பட்டதா? சொல்லப்பட்டது, நாக்குக் குழறாமல், என்றார் அக்கா. அப்படியானால் போதும், மறுபடி கொடுப்பதற்கில்லை, கல்யாணத்தை இந்தக் கோயிலிலேயே நடத்தலாம் என்றார் ஐயர். பெரியப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை எஸ்தரைப் பார்த்தான். அவள் உச்சந்தலையை ஒருமுறை தொட்டுக்கொண்டாள். ராகேல் அக்கா அப்படியே வாங்கில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் பெரியப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமில்லை, அவரும் களைத்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "உங்க அப்பா நல்லவரா தம்பி, கெட்டவரா?"

டவுன் வரும்வரை யோசித்தேன். அவர் இறங்கிப் போய்விட்டார்.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே மழையில் நனைந்த என் தலையைத் துவட்டிவிட்டார். "கொழந்த பொழச்சுக்கிச்சில்ல," என்றார்.

அப்பா, அந்தப் பழைய நூல்களை எழுதியவர்கள் தாவீதின் குற்றத்தை மறைத்திருக்கலாம், நோவாவின் கூடாரத்தை மூடியிருக்கலாம். மறைக்கவில்லை. கடவுள் அவர்களைக் கைவிடாததையும் அதே பக்கத்தில் எழுதினார்கள். அவர்களும் யாரோ ஒருவருடைய பிள்ளைகள்தானே? எழுதும்போது வலித்திருக்காதா?

இனி யார் கேட்டாலும் உங்கள் குடியால் அம்மா அழுததையும் சொல்வேன், எஸ்தரின் உயிரையும் சொல்வேன். ஒன்றைச் சொல்லி மற்றதை விடமாட்டேன். இது மன்னிப்பா என்று கேட்காதீர்கள். இப்போதைக்கு என்னால் முடிந்தது இதுதான்.

உங்கள் முகச்சாடையோடு இங்கே நடமாடும்,
உங்கள் மூத்த மகன்.